மரச்சீனியும் சாளையும் சாப்பிட்டு உடம்பு ஏற்ற முடியுமா?

மலையோரத்தான்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன், இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

எனக்கு வயது 24. உயரம் 173 சென்டிமீட்டர், எடை 54 கிலோ. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறேன். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து கட்டன்சாயா குடித்துவிட்டு, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் முந்நூறு மரம் வெட்டி முடிக்க ஏழு மணி ஆகிவிடும், அப்புறம் சிரட்டையில் வடிந்த பாலை எல்லாம் வாளியில் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்து வீடு வந்து சேரும்போது பதினொன்று.

ஜிம்மில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. சேரும்போது 51 கிலோ. முதல் இரண்டு மாதத்தில் மூன்று கிலோ ஏறியது, அதோடு சரி. மூன்று மாதமாக அந்த 54 அசையவே இல்லை. ராத்திரி எட்டு மணிக்குப் போய் ஒன்பதரை வரை செய்வேன், வாரம் ஆறு நாள். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று மாஸ்டர் அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது, "வீட்டுச் சாப்பாட்டில் இதுக்கு மேல் ஏறாது, மாஸ் கெய்னர் எடுத்தே ஆகணும்" என்கிறார். எடை ஏற்றுகிற அந்த மாவு மூன்று கிலோ டப்பா 3200 ரூபாய், ஒரு மாதம்தான் வரும் என்றும் சொன்னார். மழை பெய்தால் எனக்கு வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. மாதம் 3200 என்பது எனக்குச் சின்னத் தொகை இல்லை.

சாப்பாடு இதுதான். பதினொரு மணிக்கு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்தது, சாளைக்கறி (மத்தி மீன் கறி). இரண்டு மணிக்குச் சோறு, மீன், ஏதாவது தோரன். ராத்திரி ஜிம்மிலிருந்து வந்து பத்து மணிக்குக் கஞ்சியும் சிறுபயறும். நடுவில் சாயங்காலம் டீயோடு ஒரு பழம்பொரி. முட்டை எப்போதாவது. ஞாயிற்றுக்கிழமை கோழி.

டப்பா வாங்காமல் வழி இருக்கிறதா? இல்லை, கடன் வாங்கியாவது வாங்க வேண்டியதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடசேரி_இரும்பு

தம்பி, நான் பதினாறு வருடமாக இரும்பு தூக்குகிறேன். கடன் வாங்காதே. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியைப் பொறுமையாகப் படி.

உன் தூக்கக் கணக்கைப் பார்ப்போம். பத்து மணிக்குக் கஞ்சி குடித்தால் கண் மூடும்போது பத்தரை. மூன்று மணிக்கு எழுந்திருக்கிறாய். நாலரை மணி நேரம். மலைச்சரிவில் முந்நூறு மரத்துக்கு ஏறி இறங்குகிற உடம்புக்கு நாலரை மணி நேரத் தூக்கத்தை வைத்துக்கொண்டு தசையும் கட்டு என்றால் அது எங்கிருந்து கட்டும்? நீ ஜிம்மில் செய்வது தசைக்கு வேலை கொடுப்பது மட்டும்தான், அது வளர்வது சாப்பிட்டுப் படுத்த பிறகு. உன் ஜிம் சாயங்காலம் ஐந்துக்குத் திறந்திருக்குமானால் ஐந்துக்கே போ. ஆறேகாலுக்கு முடித்து, ஏழரைக்குச் சாப்பிட்டு, எட்டரைக்குப் படுத்தால் ஆறரை மணி நேரம் ஆயிற்று. மதியம் சோறு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கண் அசந்தால் ஏழரை. உன் தொழிலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

அடுத்தது அந்த ஆறு நாள் அட்டவணை. திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு என்று பிரிப்பது பல வருடம் தூக்கிப் பழகினவர்களுக்குச் சரி. உனக்கு ஒரே நாளில் நெஞ்சுக்கு இருபது செட் (நிறுத்தாமல் தூக்குகிற ஒரு சுற்று ஒரு செட்) போட்டுவிட்டு அப்புறம் ஆறு நாள் அந்தத் தசையைத் தொடாமல் விடுவதில் பிரயோஜனம் குறைவு. அதே வேலையை வாரத்தில் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துச் செய்தால் ஒவ்வொரு செட்டும் தெம்போடு வரும். வாரம் மூன்று நாள் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள். ஒரு நாள் ஸ்குவாட் (எடை மாட்டின கம்பியை, அதாவது பாரை, தோளில் வைத்துக் குத்தவைத்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல் தூக்குவது), பார்பெல் ரோ (குனிந்து நின்று பாரை வயிற்றுப் பக்கம் இழுப்பது). அடுத்த நாள் ரொமேனியன் டெட்லிஃப்ட் (முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பில் குனிந்து பாரோடு நிமிர்வது), நின்றுகொண்டு தோள் பிரஸ், லேட் புல்டவுன் (மேலே தொங்கும் கம்பியை நெஞ்சுக்கு இழுப்பது). இரண்டையும் மாற்றி மாற்றி. ஒவ்வொன்றும் மூன்று செட், எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. கடைசியில் கைக்கு இரண்டு செட் போட ஆசை இருந்தால் போட்டுக்கொள், யாருக்குத்தான் ஆசை இல்லை. செட்டுக்கு நடுவில் இரண்டு மூன்று நிமிஷம் உட்கார். மூச்சு வாங்க வாங்க அடுத்த செட்டுக்கு ஓடினால்தான் வேலை நடக்கிறது என்று பையன்கள் நினைக்கிறார்கள், அது நீ தூக்குகிற எடையைத்தான் குறைக்கும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன்பு பெஞ்சில் எத்தனை கிலோ போட்டாய், இன்றைக்கு எத்தனை? நீ அதை எழுதவே இல்லை. உனக்கே நினைவில்லை என்று நினைக்கிறேன். இங்கேதான் பெரும்பாலானவர்கள் நின்றுபோகிறார்கள். நான் முதல் மூன்று வருடம் அப்படித்தான் இருந்தேன், தினமும் வியர்வை சொட்டச் சொட்டத்தான் செய்தேன், ஆனால் தினமும் அதே நாற்பது கிலோ, அதே பத்து தடவை. உடம்புக்கு அந்த நாற்பது பழகிவிட்டது, அதற்கு மேல் வளர அதற்கு ஒரு காரணமும் இல்லை. பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கினேன். தேதி, எடை, எத்தனை தடவை, மூன்றே பத்தி. இன்றைக்கு எட்டு தடவை வந்தால் அடுத்த முறை ஒன்பது, மூன்று செட்டும் பன்னிரண்டு வந்த பிறகு இரண்டரை கிலோ ஏற்று, மறுபடி எட்டிலிருந்து தொடங்கு. ஒன்றேகால் கிலோ தட்டு உங்கள் ஜிம்மில் இருக்கிறதா பார், சின்ன ஜிம்களில் பெரும்பாலும் இருக்காது. இல்லாவிட்டால் அஞ்சு கிலோவாக ஏற்ற வேண்டிவரும், அப்போது பதினைந்து தடவை வரை போய்விட்டு ஏற்று. ஒவ்வொரு செட்டிலும் இன்னும் ஒன்றோ இரண்டோ தூக்கலாம் என்ற இடத்தில் நிறுத்து. கை நடுங்கி, முதுகு வளைந்து, பக்கத்தில் இருப்பவன் பாரைப் பிடிக்கும் வரை போகத் தேவையில்லை.

இன்னொன்று. தாழ்ந்த வெட்டுக்குக் குத்தவைத்துப் பழகினவன் நீ, ஸ்குவாட்டில் ஆழம் உனக்குத் தானாக வரும். டவுன் பையன்களுக்கு அது வர மாதக்கணக்கு ஆகும். குதிகால் தரையை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

கெய்னர் டப்பாவைத் திருப்பி லேபிளைப் படித்துப் பார். நூறு கிராமுக்குப் புரதம் பெரும்பாலும் பதினைந்து இருபது கிராம்தான் இருக்கும், எழுபது கிராமுக்கு மேல் மாவுச்சத்து. முதல் பெயராக மால்டோடெக்ஸ்ட்ரின் என்று போட்டிருப்பார்கள். அது சோளம், அரிசி, மரச்சீனி இவற்றின் மாவிலிருந்து எடுப்பது. உன் வீட்டு முற்றத்தில் விளைகிற கிழங்கின் மாவைச் சாக்லேட் வாசனையோடு வாங்க 3200 ரூபாயா?

புரதம் எவ்வளவு வேண்டும் என்றால், தசை வளர்க்கிறவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவு. 2018இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வந்த கணக்கு அது, அதற்கு மேல் சாப்பிட்டாலும் தசைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உனக்கு 86 கிராம் வருகிறது, 90 என்று வைத்துக்கொள். இப்போது நீ எவ்வளவு சாப்பிடுகிறாய் என்பதைச் சாப்பாடு தெரிந்தவர்கள் யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள், எனக்கு மரச்சீனிக் கணக்கு வராது.

துறைக்காரன்

மக்கா, நான் குளச்சல் பக்கம். மீனைப் பற்றி நான் சொல்கிறேன்.

போன வருடம் நானும் உன்னைப் போலத்தான் கணக்குத் தெரியாமல் இருந்தேன், அப்புறம் அம்மாவிடம் கேட்டு ஒரு நாள் சாளையை நிறுத்துப் பார்த்தேன். நடுத்தர சாளை ஒன்று, செதில் உரசி, தலை கிள்ளி, குடல் எடுத்து, வேகவைத்து முள்ளையும் உருவி எடுத்த பிறகு தராசில் வைத்தால் முப்பது கிராம் சதை காட்டியது. நூறு கிராம் சாளையில் இருபது கிராம் புரதம். அப்படியானால் ஒரு சாளைக்கு ஆறு கிராம், அதாவது ஒரு கோழி முட்டைக்குச் சமம். அன்றிலிருந்து நான் சாளையை முட்டை எண்ணுகிற மாதிரிதான் எண்ணுகிறேன். தட்டில் ஐந்து சாளை இருந்தால் ஐந்து முட்டை. தராசு அதோடு சரி, அப்புறம் தேவைப்படவில்லை.

உங்கள் மலைப்பக்கம் சைக்கிளிலும் வண்டியிலும் மீன் வரும்போது நெய்மீனையும் பாரையையும் பார்த்து ஏங்காதே. காசு போட்டு வாங்குகிற நெய்மீனில் இருக்கிற புரதம்தான் சாளையிலும் நெத்தோலியிலும் அயிலையிலும். சூரை கிடைத்தால் விடாதே, ரத்தச் சிவப்பாக இருக்கிறது என்று சிலர் ஒதுக்குவார்கள், ஆனால் நூறு கிராமில் 23, 24 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் நெய்மீன் அளவுக்குப் போகாது. நெத்தோலியை முள்ளோடு சாப்பிடலாம், சுண்ணாம்புச் சத்தும் கூட வரும்.

ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இப்போது கிழக்குப் பக்கம் மீன்பிடித் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, சின்னமுட்டம் விசைப்படகுகள் போகாது. எங்கள் மேற்குப் பக்கம், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதம் வள்ளத்தில் (நாட்டுப்படகில்) போகிறவர்கள் கொண்டுவருவதுதான் பச்சை மீன், விலை கேட்டால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வாய். அப்போது முட்டைக்கும் பயறுக்கும் மாறிவிடு. நெத்தோலிக் கருவாடும் கை கொடுக்கும், நூறு கிராமில் ஏறக்குறைய பாதி புரதம்தான், ஆனால் உப்பு ஏராளம். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு தடவை அலசிவிட்டு வை, தினமும் வேண்டாம்.

பொரித்துச் சாப்பிடலாமா என்று கேட்பாய். நீ எடை ஏற்ற வேண்டியவன், தாராளமாகச் சாப்பிடு.

தக்கலை_அக்கா

வடசேரி அண்ணன் கேட்ட கணக்கை நான் போடுகிறேன். ஆஸ்பத்திரியில் உணவுப் பிரிவில் ஒன்பது வருடமாக இதுதான் என் வேலை.

தம்பி, நீ அளவு சொல்லவில்லை, உன்னைப் போல் வேலை செய்கிற பையன் சாப்பிடுவதை வைத்து எடுத்துக்கொள்கிறேன். மரச்சீனி நானூறு கிராம் என்றால் புரதம் ஐந்து கிராம்கூடத் தேறாது. இரண்டு வேளை சோறும் கஞ்சியுமாக முந்நூறு கிராம் அரிசி, அதில் இருபத்தொன்று. இரண்டு வேளையும் சேர்த்து நாலு சாளை, இருபத்துநாலு. கஞ்சிக்கு ஒரு கைப்பிடி பயறு, ஆறு. தேங்காய், தோரன், டீயில் ஊற்றுகிற பால் எல்லாம் சேர்த்து நாலைந்து. கூட்டினால் அறுபது கிராம். சும்மா இருக்கிற ஆளுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்கிற அளவு கிலோவுக்கு 0.83 கிராம், உன் எடைக்கு 45. அதற்கு நீ மேலேதான் இருக்கிறாய், அதனால்தான் நோய் நொடி இல்லாமல் வேலை செய்கிறாய். தசை ஏற்ற 90 வேண்டும் என்றால் முப்பது கிராம் குறைகிறது. அவ்வளவுதான் குறை. அந்த முப்பதுக்காக டப்பா தேவையில்லை.

காலையில் வெறும் கட்டன்சாயாவோடு மலை இறங்குகிறாயே, அது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மூன்று மணியிலிருந்து பதினொன்று வரை எட்டு மணி நேரம் வயிற்றில் ஒன்றும் இல்லாமல்! முந்தின நாள் ராத்திரியே இரண்டு முட்டை அவித்து வைத்துவிடச் சொல். ஏழு மணிக்கு வெட்டு முடிந்து பால் எடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு முட்டையும் ஒரு ஏத்தம்பழமும் சாப்பிடு, பன்னிரண்டு கிராம் ஆயிற்று. சாயங்காலம் பழம்பொரிக்குப் பதிலாக ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, முப்பது கிராம் இருந்தால் ஏழு கிராம் புரதம். கஞ்சிக்குப் பயறை இரட்டிப்பாக்கு, இன்னொரு ஆறு. படுக்கும் முன் கால் லிட்டர் பால், எட்டு. சேர்த்தால் முப்பத்துமூன்று. கூடவே, பழம்பொரியைக் கழித்தாலும், ஏறக்குறைய ஐந்நூறு கலோரி ஏறுகிறது, அதுவும் உனக்குத் தேவை. அண்ணன் புரதத்தைச் சொன்னார், ஆனால் உன் வேலைக்கு எரிகிற கலோரி நிறைய. புரதம் சரியாக இருந்து மொத்தச் சாப்பாடு குறைந்தால் உடம்பு அந்தப் புரதத்தையும் விறகாக எரித்துவிடும். எடை மூன்று மாதம் அசையவில்லை என்றால் நீ சாப்பிடுவதும் செலவழிப்பதும் சமமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மரச்சீனியை விட்டுவிட வேண்டாம். நம் ஊர் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1880களில், விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்துப் பரவின பயிர் அது. அதோடு மீனைச் சேர்த்தார்களே, அந்தச் சேர்க்கைக்கு நான் தலை வணங்குகிறேன். மரச்சீனியில் சயனைடு தருகிற பொருள் கொஞ்சம் உண்டு, அதனால்தான் அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோம். மிச்சம் மீதி இருப்பதை உடம்பு முறித்து வெளியே தள்ளக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் (புரதத்தின் கூறுகள்) வேண்டும், அவை கிழங்கில் மிகக் குறைவு, மீனில் நிறைய. வெறும் மரச்சீனியும் மிளகாய்ச் சம்மந்தியுமாகச் சாப்பிடுவதற்கும் சாளையோடு சாப்பிடுவதற்கும் வித்தியாசம் அவ்வளவு.

புரதம் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். நல்ல சிறுநீரகத்துக்கு 90 கிராம் ஒரு சுமையே இல்லை. வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு, உனக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை ஏதாவது இருந்தால் மட்டும் ஒரு தடவை ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற அளவு) பார்த்துவிட்டுத் தொடங்கு.

சுசீந்திரம்_பயறு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் வீட்டில் மீன், முட்டை ஒன்றும் சேர்ப்பதில்லை. எனக்கு 62 கிலோ, அப்படியானால் நூறு கிராம் புரதம். பாலும் பயறும் வைத்து அது எட்டுமா அக்கா?

தக்கலை_அக்கா

எட்டும், ஆனால் யோசித்துச் சாப்பிட வேண்டும். சோயா உருண்டை ஐம்பது கிராம் ஊறவைத்துக் கறி வைத்தால் இருபத்தைந்து கிராம் அதிலேயே வந்துவிடும். காலையில் புட்டுக்குச் சிறுபயறு, அதுவும் பேருக்கு ஒரு கரண்டி இல்லாமல் புட்டு அளவுக்கே பயறு. அரிசியில் குறைகிற லைசின் என்கிற அமினோ அமிலம் பயறில் இருக்கிறது, பயறில் குறைகிற மெத்தியோனின் என்கிற அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது, அதனால் இரண்டும் சேர்ந்தால் புரதம் முழுசாகிறது. அரை லிட்டர் பால் அல்லது தயிர், நிலக்கடலை, பொட்டுக்கடலை. இவ்வளவும் சாப்பிட்டு எண்பதுதான் வருகிறது என்றால் நீங்கள் வே புரோட்டீன் வாங்கலாம், ஒரு கரண்டியில் இருபதுக்கு மேல் கிடைக்கும். அது பாலிலிருந்து எடுப்பது, மருந்தோ மாயமோ இல்லை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தருகிற உரிம எண் 14 இலக்கம் டப்பாவில் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

பெயர்_வேண்டாம்

மலையோரத் தம்பி, உன்னிடம் இன்னும் யாரும் இதைச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். எனக்கு இப்போது 37. உன் வயதில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஜிம்முக்குப் போனேன், நானும் உன்னைப் போலத்தான், 56 கிலோவில் நின்றுவிட்டேன். கூடச் செய்த ஒருவர் முதலில் மாத்திரை கொடுத்தார், "இது விட்டமின் மாதிரி" என்றார், அப்புறம் வாரம் ஒரு ஊசி. இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ. ஊரே பார்த்தது. கல்யாண வீட்டில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

நாலாவது மாதம் இடது மார்புக் காம்புக்குக் கீழே ஒரு கட்டி, தொட்டால் வலி. முதுகு முழுக்கப் பரு. ஊசியை நிறுத்தினதும் காற்றுப் போன மாதிரி எல்லாம் இறங்கியது, உடம்பு மட்டும் இறங்கவில்லை, மனசும் இறங்கியது, காலையில் எழுந்திருக்கவே பிடிக்காது. டாக்டர்தான் விளக்கினார். வெளியிலிருந்து ஆண் ஹார்மோனைக் கொட்டும்போது, மூளை இனி நாம் உத்தரவு அனுப்ப வேண்டாம் என்று நிறுத்திவிடும், விதைகள் வேலையை விட்டுச் சுருங்கும், விந்தணு குறையும். ஊசியை விட்ட பிறகும் அது திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடத்துக்கு மேல். எனக்குப் பதினாலு மாதம் ஆனது. மார்புக் கட்டிக்கு ஆபரேஷன். நல்ல கொழுப்பு குறைந்து கெட்ட கொழுப்பு ஏறியிருந்தது, அந்த வயதிலேயே.

குழந்தை பிறக்க நாங்கள் ஆறு வருடம் காத்திருந்தோம். அதற்கு இதுதான் காரணமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆறு வருடமும் நான் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன் என்று நீயே யோசித்துப் பார்.

உன் எடை நின்றிருக்கிற இந்த நேரத்தில்தான் யாராவது வந்து காதில் சொல்வார்கள். "பசி எடுக்க மாத்திரை, கன்னம் வைக்க மாத்திரை" என்று மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கித் தருவார்கள். கன்னத்தை உப்ப வைக்கிற அந்த மாத்திரை பலதும் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு மருந்து, அது வைப்பது நீர்வீக்கமும் கொழுப்பும்தான், உள்ளே தசையையும் எலும்பையும் கரைக்கும். வாங்காதே தம்பி. கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

மலையோரத்தான்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்கா எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், எட்டு மணி நேரம் வெறும் வயிறு என்ற இடத்தில் அம்மா அழுதுவிட்டாள். பெயர் வேண்டாம் அண்ணன் எழுதினதை நான் மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். என்னிடமும் ஒருவர் கேட்டார் அண்ணே, போன மாதம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். கிரியேட்டின் என்று ஒன்று சொல்கிறார்களே, அது ஊசி மாதிரியா? இன்னொன்று, வெட்டுக் கத்தி பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டும் முன்கையும் சாயங்காலம் இறுகிக் கிடக்கும், அன்றைக்கு ஜிம்மில் கம்பியைப் பிடித்தால் முதுகுக்கு முன்னால் கைதான் விட்டுப்போகிறது. என்ன செய்யலாம்?

வடசேரி_இரும்பு

கிரியேட்டின் ஹார்மோன் இல்லை. நம் உடம்பே செய்கிற பொருள், மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது, ஆனால் கிலோவுக்குச் சில கிராம்தான். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்று பார்த்து வாங்கித் தினமும் மூன்றிலிருந்து ஐந்து கிராம் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் கடைசி ஒன்றிரண்டு தடவை கூடுதலாகத் தூக்க முடியும். தசைக்குள் நீர் சேர்வதால் முதல் வாரங்களில் ஒரு கிலோ ஏறும், அதைப் பார்த்துத் தசை வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், அப்போது டாக்டரிடம் இதைச் சாப்பிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் உனக்கு இப்போது வேண்டாம். முதலில் முட்டையும் தூக்கமும். நாலு மாதம் கழித்துக் கையில் காசு மிஞ்சினால் பார்க்கலாம்.

மணிக்கட்டுக்கு, ரோ, டெட்லிஃப்ட் இரண்டுக்கும் துணிப் பட்டை கட்டிக்கொள், ஸ்ட்ராப் என்று கேட்டால் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சிலர் அது ஏமாற்று வேலை என்பார்கள், கேட்காதே. உன் பிடிக்குத் தினமும் முந்நூறு மரம் பயிற்சி கொடுக்கிறது, அதற்கு ஜிம்மில் வேறு வேலை வைக்க வேண்டாம். கைக்கு என்று சொன்ன அந்த இரண்டு செட்டையும் வலி இருக்கிற நாளில் விட்டுவிடு. மரத்துப்போதல், விரல் நுனியில் ஊசி குத்துகிற மாதிரி ஏதாவது வந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டு.

மலையோரத்தான் (ஆறு வாரம் கழித்து)

அண்ணன்மாரே, அக்கா, நீங்கள் சொன்னபடி செய்து பார்த்ததைச் சொல்ல வந்தேன்.

நோட்டைப் பார்த்தே எழுதுகிறேன். ஏப்ரல் 17ஆம் தேதி ஸ்குவாட் 40 கிலோ, எட்டு தடவை. நேற்று 52.5, ஒன்பது தடவை. பெஞ்ச் 30இல் தொடங்கியது, இப்போது 37.5. தோள் பிரஸ் மட்டும் 20லேயே நிற்கிறது, ஆனால் எட்டு தடவை பதினொன்று ஆகியிருக்கிறது. ஒன்றேகால் கிலோ தட்டு ஜிம்மில் இல்லை, மாஸ்டரிடம் கேட்டேன், அடுத்த நாளே நாகர்கோவில் போய் ஒரு ஜோடி வாங்கிவந்து வைத்துவிட்டார். நோட்டையும் வாங்கிப் பார்த்தார். இப்போது இன்னும் மூன்று பையன்கள் நோட்டு வைத்திருக்கிறார்கள்.

எடை 55.4. ஆறு வாரத்தில் ஒரு கிலோ 400. மூன்று மாதம் அசையாத முள் அசைந்துவிட்டது. நடுவில் நாலு நாள் மழை, வெட்டு இல்லை, அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன், அந்த வாரம்தான் ஸ்குவாட்டில் இரண்டு தடவை கூடியது.

செலவு: தினமும் இரண்டு முட்டை, கடலை, பால் எல்லாம் சேர்த்து மாதம் 1500 ரூபாய்க்குள் முடிகிறது. பயறு வீட்டிலேயே இருக்கிறது. ஏத்தம்பழம் தோட்டத்துக்காரரின் தோப்பில் விழுகிற குலையில் ஒரு சீப்பு எனக்கு என்று ஒதுக்கிவிட்டார்.

காலை ஏழு மணிக்கு வெட்டு முடிந்து ஷெட் திண்ணையில் உட்கார்ந்து முட்டையை உரிக்கும்போது கையில் ரப்பர் பால் ஒட்டிக்கொண்டு தோடு விரலோடு வரும். முதல் வாரம் அதற்கே பத்து நிமிஷம் ஆனது. இப்போது அம்மா ராத்திரியே உரித்து, மிளகும் உப்பும் தூவி வாழையிலையில் பொதிந்து வைக்கிறாள். மீன் வாங்கும்போதும் எடையைக் கேட்பதில்லை, "எத்தனை எண்ணம் இருக்கும்?" என்றுதான் கேட்கிறாள். மீன்காரப் பாட்டிக்கு ஒரே ஆச்சரியம்.

துறைக்கார அண்ணே, ஜூன் 1 வந்துவிட்டது. இனி சாளைக்குப் பதிலாக முட்டை நாலாக்குவதா, இல்லை சோயா வாங்குவதா என்று யோசிக்கிறேன். உங்கள் பக்கம் வள்ளத்து மீன் என்ன விலை போகிறது?

துறைக்காரன்

மக்கா, நேற்று சாளை கிடைக்கவே இல்லை, அயிலை கொஞ்சம் வந்தது, விலையைச் சொன்னால் நீ மலையை விட்டு இறங்க மாட்டாய். முட்டையை நாலாக்கு, வாரம் மூன்று நாள் சோயா வை. ஆகஸ்டு முதல் வாரம் படகெல்லாம் இறங்கின பிறகு ஒரு நாள் குளச்சல் வா, விடியற்காலை நாலரைக்குத் துறையில் நிற்க வேண்டும், உனக்குத்தான் அந்த நேரத்தில் எழுந்து பழக்கமாச்சே.